பன்னிரண்டாவது தாள்

கார்ஜ் லே கொனெஸ்
14.01.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாளைக்குப் பொங்கல். இந்தக் கடிதம் ஊருக்கு வரும்போது பொங்கல் முடிந்து இரண்டு கிழமை போயிருக்கும். என்றாலும் வாழ்த்துகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம். அத்தானின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததா? உங்கள் முழங்கால் எப்படி? தபால் கந்தோரில் முப்பத்தேழு வருசம் இருந்தவளுக்குப் போனில் கதைத்துப் போக்குக் காட்டாதே, கடிதம் எழுது என்றீர்கள். எழுதுகிறேன்.

வேலை அதே இடம்தான். தமிழ்க் கடைத்தெருவான ரூ காய்க்குப் பின்தெருவில் தியரியின் சட்டம் போடும் பட்டறை. எங்கள் ஆட்கள் கொண்டுவரும் சாமிப் படங்களும் கல்யாணப் படங்களும்தான் வழக்கமாக வரும். போன கிழமை ஒரு சீனத்துப் பெண்மணி வந்தார். மதாம் ஷென் என்று பெயர். எழுபதைத் தாண்டியவர். பக்கத்தில் லா ஷப்பலில்தான் தனியாக இருக்கிறார். பன்னிரண்டு தாள்களைச் சுருட்டிக் கொண்டுவந்தார். தூரிகையால் மையில் எழுதிய சீன எழுத்துகள். அது இங்கே பெரிய கலையாம். அர்னோ என்பவரின் காட்சிக்கூடத்தில் சித்திரையில் வைக்கப் போகிறார்கள்.

அந்தத் தாளுக்குப் பின்புறம் பசை தடவி வேறு தாள் ஒட்டவேண்டும். ஈரம் பட்டவுடன் துவண்டுவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிறேன். எழுத்துகள் வடிவோ வடிவு. ஒரு கோடு தொடங்கிய இடத்தில் மை தடித்து, போகப் போகக் காய்ந்து, தூரிகையின் மயிர் மயிராகத் தெரிகிறது. பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

அத்தானுக்கு என் வணக்கம்.

அன்புத் தம்பி
வாமதேவன்


மீசாலை
09.02.2024

அன்புத் தம்பி வாமனுக்கு,

கடவுள் புண்ணியத்தில் நாங்கள் சுகம். அத்தான் இப்போது கண்ணாடி இல்லாமல் பேப்பர் வாசிக்கிறார், வாசித்துவிட்டு எனக்கும் உரத்துச் சொல்கிறார். முழங்கால் மழைக்கு நோகும், வெயிலுக்கு மாறும். நீ குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு போ.

என் பென்சன் பைலில் ஒரு வருசத்துச் சேவைக் கடிதம் காணாமல் போய்விட்டது. பிரதேச செயலகத்தில் தாட்சாயினி இருப்பதால் அலைச்சல் குறைவு. உனக்கு ஞாபகம் இருக்கும், கூட்டுறவுக் கடை மனேச்சராக இருந்த ஸ்ரீஸ்கந்தராசாவின் மகள். சந்தியில் அது நடந்தபோது மூன்று வயசு. வீட்டுக்கே வந்து படிவங்களை நிரப்பித் தருகிறாள். தாயும் இருக்கிறா, நடமாட்டம் குறைவு. அவர்களுக்கு என்மேல் ஒரு மரியாதை.

அந்தச் சீன மனுசியின் எழுத்து வடிவு என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. எழுத்தைக் கண்டால் முதலில் அதைத்தானே கேட்கவேண்டும்?

அன்புடன்
அக்கா தில்லைநாயகி


கார்ஜ் லே கொனெஸ்
03.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தான் பேப்பர் வாசிப்பது சந்தோசம். மகள் மிருணாளினிக்கு இங்கே ஒரு கணக்காளர் கந்தோரில் வேலை கிடைத்துவிட்டது. நாங்கள் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். அதுதான் எங்கள் வீட்டுப் பாசை.

நீங்கள் சொன்னபடி கேட்டேன். பதினொரு தாள்களிலும் ஒவ்வொரு சொல்தான். மலை, காற்று, தண்ணீர், கதவு இப்படி. பன்னிரண்டாவது மட்டும் வேறு. ஆளுயரத் தாள். தடித்த, நேரான எழுத்துகள். அதைக் காட்டி மதாம் ஷென்னிடம் கேட்டேன். எனக்கும் அவருக்கும் இருப்பது அரைகுறைப் பிரெஞ்சு. அதனால் சுற்றி வளைக்க முடியாது.

"இதை நான் முதல்முதல் எழுதேக்கை எனக்குப் பதினாலு வயசு" என்றார்.

அப்போது சீனாவில் கலாசாரப் புரட்சி. இன்னார் எதிரி என்று ஆளுயர எழுத்தில் எழுதிச் சுவரெல்லாம் ஒட்டுவார்களாம். அவருடைய அண்ணன் கல்லூரியில் படிப்பித்தவர். பழைய புத்தகங்களை வீட்டில் வைத்திருந்தார் என்பது குற்றம். பள்ளிக்கூடத்தில் இவரைக் கூப்பிட்டு, நீயே எழுது என்றிருக்கிறார்கள். "என் அண்ணன் மக்களின் எதிரி. அவனுக்கும் எனக்கும் உறவில்லை." அதுதான் அந்தத் தாளில் இருப்பது. மறுநாள் அண்ணனைக் கொண்டுபோனார்கள். மூன்றாம் வருசம் முகாமில் செத்துப்போனார்.

"தங்கச்சி எண்டபடியாலோ உங்களைக் கேட்டவை?" என்றேன்.

"அதுவும்தான். ஆனா பள்ளிக்கூடத்திலை என்ரை எழுத்துத்தான் திறமான எழுத்து. எங்கடை நாட்டிலை வடிவான எழுத்துக்கு ஒரு அதிகாரம் இருக்கு. பெரிய தலைவர் எழுதின எழுத்துத்தான் பேப்பருக்குத் தலைப்பு. வடிவா எழுதியிருந்தா சனம் நம்பும்."

நான் பசையைக் கலக்கிக்கொண்டு நின்றேன். வேறு செய்தி இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி
வாமதேவன்


மீசாலை
02.04.2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் மூவரும் சுகமாயிருக்க மருதடிப் பிள்ளையாரை நேர்ந்திருக்கிறேன். மிருணாளினிக்கு என் ஆசி.

உன் கடிதம் வந்து ஒரு கிழமை கழித்துத்தான் பிரித்தேன். வீட்டில் வேலை கூட.

அந்த மனுசி அண்ணனின் பெண்சாதி பிள்ளைகளிடம் ஒருநாளாவது வாய் திறந்து சொன்னாவா? சொல்லியிருந்தால் அவர்கள் என்ன சொன்னார்கள்? கேட்டு எழுது.

தாட்சாயினி நேற்றும் வந்தாள். தகப்பனைப் பற்றி ஊரில் வயசானவர்களிடம் விசாரித்துக்கொண்டு திரிகிறாள். என்னிடமும் கேட்டாள். தேத்தண்ணி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

அக்கா


கார்ஜ் லே கொனெஸ்
28.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே யாவரும் நலம். கண்காட்சி தொடங்கிவிட்டது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தொடங்க நாலு நாள் இருக்கும்போது, கண்காட்சிக்கு உதவும் ஒரு சீனக் கலாசாரச் சங்கத்திலிருந்து இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். மரியாதையான ஆட்கள். மலையையும் காற்றையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு வந்தவர்கள், பன்னிரண்டாவதுக்கு முன்னால் நின்றுவிட்டார்கள். அவர்களில் வயதானவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் தரம் வாசித்தார். பிறகு அர்னோவிடம் மெதுவாக, மற்றப் பதினொன்றும் இருக்கட்டும், இது பழைய கதை, இதில் கலை இல்லை, அரசியல்தான் இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்றார்.

அர்னோ நல்ல மனிதர்தான், ஆனால் எல்லாரையும் சந்தோசப்படுத்தப் பார்ப்பவர். தாள் இருக்கட்டும், மொழிபெயர்ப்பு வேண்டாம், "பெயரிடாதது" என்று மட்டும் போடுவோம் என்று முடிவெடுத்தார். இங்கே ஆர் சீனம் வாசிக்கப் போகினம் என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மதாம் ஷென் தானே பிரெஞ்சில் அடித்த சின்ன அட்டை ஒன்றை என்னிடம் தந்திருந்தார். "ஆணி அடிக்கிறது நீங்கள்தானே, இதையும் பக்கத்திலை ஒட்டிவிடுங்கோ." அர்னோவோ, "ஒட்டாதையுங்கோ வாமன்" என்றார். நான் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

தொடக்க விழாவுக்கு நல்ல சனம். வைன் குடித்துக்கொண்டு பன்னிரண்டாவதுக்கு முன்னால்தான் கூடுதலாக நின்றார்கள். என்ன விசை, என்ன துணிவான கோடு என்றார்கள். மிருணாளினியும் வந்திருந்தாள். மதாம் ஷென் என்னிடம் வந்தார்.

"என்ரை அட்டை எங்கை?"

"அர்னோ வேண்டாமெண்டிட்டார்."

"ஓம். உங்களுக்கும் வேலை முக்கியம்தானே" என்றார். கோபமே இல்லை. "வாசிக்கத் தெரிஞ்சவை எடுக்கச் சொல்லினம். வாசிக்கத் தெரியாதவை வடிவெண்டினம்."

பிறகு அவரே போய்த் தாளுக்குப் பக்கத்தில் நின்று, முதலில் சீனத்தில் வாசித்தார், பிறகு பிரெஞ்சில். கடைசியில் தன் பெயரையும் தன் அப்போதைய வயதையும் சொன்னார். அதற்குப் பிறகு சனம் கை தட்டியது. அதுவும் கண்காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள், அக்கா. சங்கத்து வயதானவர் மட்டும் தட்டவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் அந்தக் காலத்தில் பதினாலு பதினைந்து வயசுதான் இருந்திருக்கும்.

ரயிலில் வரும்போது மிருணாளினி, அந்த அட்டையை ஏன் ஒட்டவில்லை என்று பிரெஞ்சில் கேட்டாள். அட்டை இன்னும் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

தம்பி
வாமதேவன்


கார்ஜ் லே கொனெஸ்
19.05.2024

அக்காவுக்கு,

உங்கள் பதில் வருமுன் இதை எழுதுகிறேன். எல்லாரும் சுகம்.

சங்கம் உதவியை நிறுத்திவிட்டது. அர்னோ பத்தாம் நாளே கண்காட்சியை மூடினார். தாள்களைக் கழற்ற நான்தான் போனேன். மதாம் ஷென் ஒரு கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் கேட்டதைக் கேட்டேன். அண்ணிக்குச் சொன்னீங்களோ என்று.

"இல்லை. சொல்லுவம் சொல்லுவம் எண்டு இருந்தன். அவ செத்துப்போனா. மகனுக்கு எழுதினன். பதில் இல்லை. வராது" என்றார். அதன் பிறகு, "உங்களுக்கு எழுத்து வருமோ?" என்றார்.

"முந்தி எழுதினனான்."

பெட்டியைத் திறந்து மையும் தூரிகையும் கிழிந்த தாள் ஒன்றும் தந்தார். நான் என்ன எழுதுகிறேன் என்று யோசிக்கவில்லை. எழுதி முடித்த பிறகுதான் பார்த்தேன். ஸ்ரீஸ்கந்தராசா என்று இருந்தது.

"உங்கடை பேரோ?"

"இல்லை."

அவர் தாளை வாங்கிக் காய வைத்தார்.

அக்கா, நீங்கள் இரண்டு கடிதத்தில் அந்த வீட்டைப் பற்றி எழுதினீர்கள். நான் இரண்டுக்கும் பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

கோயில் திருவிழா நோட்டீஸ் எழுதியவன் நான், விளையாட்டுப் போட்டிக்குப் பலகை எழுதியவன் நான். அதைப் பார்த்துத்தான் ஆயுத இயக்கம் ஒன்றும் என்னிடம் போஸ்டர் எழுதக் கேட்டது. எண்பத்தாறு ஐப்பசியில் ஒருநாள் பின்னேரம் இரண்டு பேர் ஒரு காகித மட்டையோடு வந்தார்கள். சொல்லச் சொல்ல எழுதினேன். பெயரைச் சொன்னபோது, "எந்த ஸ்ரீஸ்கந்தராசா?" என்று கேட்டேன். "எழுதிறது மட்டும்தான் உன்ரை வேலை" என்றார்கள். எந்த ஸ்ரீஸ்கந்தராசா என்று எனக்குத் தெரியும். ஆமி பிடித்துக்கொண்டுபோன கூட்டுறவுக் கடைப் பையனை விடுவிக்க அவர் இரண்டு தரம் ஆமி முகாமுக்குப் போய்வந்தது ஊருக்கே தெரியும். அதைத்தான் காட்டிக்கொடுப்பு என்று எடுத்திருப்பார்கள்.

எழுத்து கோணக்கூடாது என்று முதலில் பென்சிலால் கோடு போட்டேன். மை காய்ந்த பிறகு அந்தக் கோடுகளை அழித்தும் கொடுத்தேன். அதுதான் என்னால் மறக்க முடியாதது. அடுத்த நாள் காலை அந்த மட்டை அவருடைய நெஞ்சில் தொங்கியது. சுட்டு லைட் போஸ்ட்டில் கட்டியிருந்தார்களாம். நான் போய்ப் பார்க்கவில்லை. மூன்று மாதத்தில் நான் இங்கே வந்துவிட்டேன்.

இதை மனிசிக்கும் மகளுக்கும்கூடச் சொன்னதில்லை.

வாமதேவன்


மீசாலை
21.07.2024

தம்பி வாமனுக்கு,

அத்தான் சுகம். நானும் சுகம். இரண்டு மாதம் உன்னைக் காக்கவைத்துவிட்டேன்.

எனக்குத் தெரியும், வாமன். அன்றைக்கே தெரியும்.

அன்று எனக்குக் காலை எட்டு மணிக்கு வேலை. சைக்கிளில் சந்தியால் போனேன். சனம் தள்ளி நின்றது. பின்னேரம் வரைக்கும் உடம்பைத் தொடக்கூடாது என்று இயக்கத்துப் பொடியள் சொல்லியிருந்தார்கள். அவரைப் பார்க்குமுன் நான் எழுத்தைத்தான் பார்த்தேன். உன் எழுத்து எனக்குத் தெரியாதா? கிட்டப்போய் மட்டையைக் கழற்றினேன். என்னை ஒருவரும் மறிக்கவில்லை, எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். சீலைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி அடுப்பில் வைத்தேன். அம்மா என்னவென்று கேட்டா. விறகு ஈரம், மட்டை வைக்கிறேன் என்றேன்.

அந்த மனுசனுக்காக நான் அதைச் செய்யவில்லை. வேறு யாரும் உன் எழுத்தைக் கண்டுபிடிக்கக்கூடாது என்று செய்தேன். ஆனால் ஊர் வேறு விதமாக நினைத்தது. எல்லாரும் பயந்து நிற்க ஒரு பெட்டை துணிந்து போய் அந்த மனுசனின் மானத்தைக் காப்பாற்றினாள் என்று பேசினார்கள். செத்தவீடு முடிந்து அவருடைய பெண்சாதி என்னைத் தேடி வந்து கையெடுத்துக் கும்பிட்டா. நான் கும்பிட விட்டேன். முப்பத்தெட்டு வருசமாக அந்த மரியாதையில்தான் இந்த ஊரில் இருக்கிறேன். தாட்சாயினி என் படிவங்களை நிரப்புவதும் அதனால்தான்.

உன் கடித உறை வரும்போதெல்லாம் அதே எழுத்து வரும். சில உறைகளைக் கிழமைக் கணக்கில் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். நீயாகச் சொல்லாமல் நான் கேட்பதில்லை என்று நினைத்திருந்தேன்.

அவள் இன்னும் கேட்டுக்கொண்டு திரிகிறாள். ஒரு சாட்சியும் அகப்படவில்லை என்கிறாள். நீ அவளுக்கு எழுது. என் பங்கையும் எழுது. இரண்டு வளவு தள்ளி இருக்கிற எனக்கு நேரே போய்ச் சொல்லத் துணிவில்லை.

அக்கா


கார்ஜ் லே கொனெஸ்
11.08.2024

வணக்கம் தாட்சாயினி அவர்களுக்கு,

நீங்களும் அம்மாவும் சுகமாக இருக்கவேண்டும் என்று வேண்டுகிறேன். நான் தில்லைநாயகியின் தம்பி. என்னை உங்களுக்குத் தெரிந்திருக்காது.

உங்கள் அப்பாவின் நெஞ்சில் தொங்கிய மட்டையை எழுதியவன் நான். யாருக்கு என்று தெரிந்துதான் எழுதினேன். சொன்னவர்கள் இரண்டு பேரும் இப்போது உயிரோடு இல்லை. அக்கா அந்த மட்டையை எடுத்தது என்னைக் காப்பாற்ற. இதை அவவே எழுதச் சொன்னா. உங்கள் அப்பா முகாமுக்குப் போனது கடையில் வேலை செய்த பையனை மீட்க. அதுவும் எனக்கு அப்போதே தெரியும்.

நீங்கள் இதை யாரிடமும் காட்டலாம். என் விலாசம் உறையில் இருக்கிறது.

வாமதேவன்


மீசாலை
15.09.2024

வாமதேவன் அவர்களுக்கு,

அம்மாவும் நானும் இருக்கிறோம்.

உங்கள் கடிதத்தைப் பத்து நாள் கந்தோர் மேசை லாச்சியில் வைத்திருந்தேன். பிறகு அம்மாவுக்கு வாசித்தேன். அம்மா அழவில்லை. இன்னொரு தரம் வாசி என்றா.

ஒன்று கேட்கவேண்டும். அந்த மட்டையில் என்ன எழுதியிருந்தது? நாங்கள் போனபோது அது இல்லை. பார்த்தவர்கள் ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இப்போது கேட்டால் ஞாபகமில்லை என்கிறார்கள். அதில் இருந்ததை வரிக்கு வரி அப்படியே எழுதி அனுப்புங்கள். கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். வேறு எதுவும் நீங்கள் எழுதவேண்டியதில்லை.

தா. ஸ்ரீஸ்கந்தராசா


கார்ஜ் லே கொனெஸ்
29.09.2024

தாட்சாயினி அவர்களுக்கு,

கேட்டபடி.

ஸ்ரீஸ்கந்தராசா
மக்கள் விரோதி
இனத் துரோகி
இதுவே தீர்ப்பு

இவ்வளவும்தான். எழுதியது நான்.

க. வாமதேவன்


மீசாலை
20.10.2024

வாமதேவன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிடைத்ததென்று அறிவிக்கவேண்டியது முறை என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் அக்காவின் பென்சன் பைலை முடித்து மேலே அனுப்பிவிட்டேன். இனி அவவுக்குத் தடங்கல் வராது. அவவுடைய வீட்டுக்கு நான் இப்போது போவதில்லை. பிறகு போவேனோ தெரியாது. ஒருநாள் பின்னேரம் அவ எங்கள் வாசல் படலைவரை வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனா. உங்களை மன்னிப்பதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. யோசிக்கவேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அம்மா சொன்னதை உங்களுக்கு எழுதவேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா கட்டிலில் இருந்தா. நாலு வரியையும் வாசித்தேன். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்க்கச் சொன்னா. பின்னால் ஒன்றும் இல்லை என்றேன்.

"இவ்வளவுதானோ?" என்றா.

"ஓம் அம்மா."

"அவர் என்ன செய்தவர் எண்டு எழுதேல்லையோ?"

"இல்லை. ஒண்டும் எழுதேல்லை."

பிறகுதான் எனக்குச் சொன்னா. அந்த மட்டையில் அவர் செய்த ஏதோ ஒன்று எழுதியிருக்கும், தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருந்திருக்கும், ஊருக்கு அது தெரியும், தனக்கு மட்டும் மறைக்கிறார்கள் என்று இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தாவாம். அதனால்தான் ஒருவரிடமும் கேட்கவில்லையாம். அவருடைய படத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியதும் அதனால்தானாம்.

"ஒண்டும் செய்யேல்லை அந்த மனுசன்" என்றா. அலுமாரிப் பூட்டுத் திறப்பை எடுத்து என் கையில் தந்தா.

தா. ஸ்ரீஸ்கந்தராசா